மாமியின் இரண்டு சிரட்டைகள்

என் மேசைமேல் ஒரு பழைய ஜாம் போத்தல் இருக்கிறது. அதற்குள், கெடாமலிருக்க ஊற்றிய மதுசாரத்தில் இரண்டு பிராணிகள் கிடக்கின்றன. ஒன்று புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரிது, வெளிறிய மஞ்சள், முதுகு ஒரு பக்கமாக வளைந்தது. மற்றது ஒரு நெல்மணி அளவு, மெலிந்தது, கண்கள் மட்டும் கறுப்பாகத் தெரியும். ஒவ்வொரு ஆண்டும் விலங்கியலுக்குப் புதிதாக வரும் மாணவர்களிடம் முதல் செய்முறை வகுப்பிலேயே இந்தப் போத்தலைக் கையோடு கொண்டுபோய் நீட்டுவேன். உள்ளே போட்டிருக்கும் பெயர்ச்சீட்டை என் விரலால் மறைத்துக்கொண்டு, "இதில் எத்தனை இனம்?" என்று கேட்பேன். பெரும்பாலானோர் இரண்டு என்பார்கள். நன்றாகப் படித்த பிள்ளைகள் இன்னும் உறுதியாக இரண்டு என்பார்கள். அப்போது எனக்குள் ஒரு சந்தோசம் வரும். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் சொன்னேன், அதுவும் நூற்றிருபது பக்கத்தில் தட்டச்சுச் செய்து சொன்னேன்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் உரிமை. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நான் கிரானில் வயல்காரர் வீட்டில் பிறந்தவன், குளத்து மீன் தின்று வளர்ந்தவன். போர் நடந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில் ஒன்றில், ஒரு துணிப்பெட்டியும் இரண்டு பெட்டி போத்தல்களுமாகத் தேற்றாத்தீவில் மனைவியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். முன்னால் கடல், பின்னால் கடலோடு சேரும் உப்புத்தண்ணீர் வாவி. அங்கே வாவியை யாரும் வாவி என்று சொல்வதில்லை, ஆறு என்றுதான் சொல்வார்கள். மாமனார் ஆண்டின் பாதி நாள் உன்னிச்சைப் பக்கம் வட்டையில், வயற்காவல் குடிலிலேயே இருப்பார். ஆகவே வீட்டில் நாங்கள் மூன்று பேர்: நான், அருகிலிருந்த பள்ளிக்கூடத்தில் படிப்பித்த என் மனைவி, மாமி.

மாமிக்கு அப்போது நாற்பத்தைந்து வயதுகூட இருந்திராது. ஒழுங்கையில் நின்று மீன்காரரோடு அவர் பேரம் பேசுவது நாலு வளவுக்குக் கேட்கும். ஆனால் என்னோடு ஒரு சொல் பேசமாட்டார். அது கோபம் அல்ல, மரியாதை. அந்தத் தலைமுறையில் மருமகனின் முகத்துக்கு நேரே நின்று கதைக்கும் மாமியாரை ஊர் வாயாடி என்று சொல்லிவிடும். சாப்பாட்டு நேரத்தில் குசினிக் கதவின் பின்னால் சேலைத் தலைப்பு மட்டும் தெரியும். "அவருக்கு ஆணம் காணுமா எண்டு கேளு புள்ள" என்று குரல் வரும். குழம்பு போதுமா என்பதுதான் கேள்வி; நான் இரண்டு முழத் தூரத்தில் இருப்பேன். "காணும் எண்டு மாமிக்குச் சொல்லு" என்பேன். இரண்டையும் காதால் கேட்ட பிறகும் என் மனைவி ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும். "படிப்பிக்கிறதுக்கு மேலால எனக்கு இந்தத் தபால்காரி உத்தியோகமும்" என்று அவள் அலுத்துக்கொள்வாள். அந்தத் தபால்காரி சில கடிதங்களைத் தன் பாட்டுக்குக் கிழித்துப் போடுகிறாள் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

நான் பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளர். பட்டமேற்படிப்புக்கு நான் எடுத்திருந்த விடயம் வாவி மீன்களின் ஒட்டுண்ணிகள். குடலில் புழு, தோலில் புண், செவுளில் பேன் என்று மீனுக்கு வரும் எல்லாவற்றிலும் எனக்கு ஆசை. வளாகம் அடிக்கடி மூடிவிடும், வீதியும் மூடிவிடும். அதனால் நுணுக்குக்காட்டியை ஒரு கடிதத்தோடு வீட்டுக்கே கொண்டுவர அனுமதி வாங்கியிருந்தேன். மின்சாரம் இல்லை. கண்ணாடியில் வெயிலைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும், ஆகவே விறாந்தையில் வெயில் நகர நகர நானும் மேசையை நகர்த்திக்கொண்டு போவேன். மாதிரிகள் கெடாமலிருக்கப் போமலின் வாங்கக் கடிதத்துக்கு மேல் கடிதம் வேண்டும், அது ஒருபோதும் வந்து சேராது. மதுசாரம் கொஞ்சம் இருந்தது. போத்தலுக்குத்தான் பெரிய பஞ்சம். ஊரில் யார் வீட்டில் ஜாம் முடிகிறது, ஆஸ்பத்திரியில் எந்தத் தாதி ஊசிமருந்துக் குப்பியை எறியாமல் வைத்திருக்கிறார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஒருநாள் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் என் பையிலிருந்த போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, உடைந்த தமிழில் இது என்ன என்று கேட்டான். மீன் செவுளில் இருக்கும் பேன் என்றேன். தின்கிற மீனிலா என்றான். ஓம் என்றேன். அந்த வாரம் முழுவதும் முகாமில் மீன் எடுக்கவில்லை என்று எங்கள் மீன்காரர் என்னோடு முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

மீன்பேன்தான் என் ஆய்வின் நடுப்பகுதி. வாவியில் பிடிபடும் மணலை மீனின் செவுளைத் தூக்கினால் உள்ளே சப்பட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். மாமிக்கு அது சின்ன வயதிலிருந்தே பழக்கம். மீன் கழுவும்போது நகத்தால் சுண்டிக் கோழிக்குப் போட்டுவிடுவார். நான் வந்த பிறகு கோழிக்கு அந்தத் தீன் நின்றுபோனது. "அதுகள எறியாம எடுத்து வைக்கச் சொல்லு" என்று மனைவியிடம் சொல்லியனுப்பினேன். மறுநாளே ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் விட்டு, எடுத்த பேன்களை அதற்குள் போட்டு விறாந்தை நுனியில் வைத்திருந்தார். பெரிதும் சின்னதும் சோடி சோடியாக ஒன்றாகக் கிடந்தன. எனக்கோ பெரியவற்றை ஜாம் போத்தலிலும் சின்னவற்றை ஊசிமருந்துக் குப்பியிலும் போட்டால்தான் போத்தல் மிஞ்சும். ஆகவே அடுத்த செய்தி அனுப்பினேன்: பெரியது வேறு, சின்னது வேறு, இரண்டு சிரட்டையாக வைக்க வேண்டும். குசினிக்குள் ஏதோ நீளமாகப் பேச்சு நடந்தது. பிறகு மனைவி வந்து, "அம்மா சரியாம்" என்றாள். அன்றிலிருந்து எட்டு மாதம், மழையோ வெயிலோ, விறாந்தை நுனியில் இரண்டு சிரட்டைகள் இருந்தன. போத்தல் பஞ்சத்துக்காக நான் செய்த அந்தப் பிரிவினை, மெல்ல மெல்ல என் தலைக்குள்ளும் ஏறிவிட்டது. வேறு வேறு போத்தலில் இருந்தவை நாளடைவில் எனக்கு வேறு வேறு இனமாகிவிட்டன.

பெரியதற்குப் பெயர் ஏற்கெனவே நூலில் இருந்தது. சின்னது எதிலும் அகப்படவில்லை. என்னிடம் இருந்ததோ பழைய நூலொன்றிலிருந்து பிரதி எடுத்த சில பக்கங்கள்தான். அவற்றில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று முடிவுகட்டிக்கொண்டேன். புதிய இனம்! பேனைப் பெருமாளாக்குவது என்பார்களே, நான் அதைத்தான் செய்தேன். அந்தப் புதிய இனத்துக்கு என் மனைவியின் பெயரை வைப்பதாகவும் முடிவாயிற்று. "ஊரில புருசன்மார் காப்புச் செய்து குடுப்பாங்க, எனக்கு ஒரு பேன்" என்று அவள் சிரித்தாலும், அந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்று இரண்டு தரம் கேட்டாள். ஆய்வேட்டில் ஒரு பக்கத்தில், சின்ன இனத்தின் பெண் இன்னும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தேன். இருபது பக்கம் தள்ளி, பெரிய இனத்தின் ஆண் இன்னும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தேன். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதியிருந்தால் எனக்கே சிரிப்பு வந்திருக்கும்.

என் வேலை ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியோடு முடிய இருந்தது. அதற்குள் ஆய்வேடு கொழும்பில் இருந்த என் மேற்பார்வையாளரின் கைக்குப் போய்ச் சேர்ந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். சேராவிட்டால் வேலை இல்லை. தபாலை நம்ப முடியாது. நல்லவேளையாக, கூடப் படித்த நண்பர் ஒருவருக்குக் கொழும்பு போக அனுமதி கிடைத்திருந்தது. மறுநாள் காலை வந்து பொதியை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அதே வாரம் மாமனாருக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்து, என் மனைவி ஆற்றைக் கடந்து மேற்கே படுவான்கரைக்குப் போயிருந்தாள். போன அன்றே ஏதோ பிரச்சினையில் தோணித்துறையை மூடிவிட்டார்கள். மூன்று நாளாக அவள் அந்தக் கரையில், நாங்கள் இந்தக் கரையில். இரவில் துணைக்குப் பக்கத்து வளவுச் சின்னம்மா வந்து படுப்பார். பகலில் நானும் மாமியும் மட்டும், நடுவில் தபால்காரி இல்லாமல். சோறு ஆயத்தமானால் சட்டிமூடியை இரண்டு தரம் தட்டுவார். நான் போய்ச் சாப்பிட்டுவிட்டு, போதும் என்பதற்குத் தொண்டையைச் செருமுவேன். ஆய்வுலகின் தகவல் தொடர்பு அந்த நிலையில் இருந்தது.

அன்று பின்னேரம் விறாந்தையில் பொதி கட்டிக்கொண்டிருந்தேன். ஆய்வேடு, பக்கத்தில் மாதிரிகள். பெரிய இனம் ஒரு போத்தலில், என் மனைவியின் பெயர் சூட்டப்பட்ட சின்ன இனம் ஒரு குப்பியில், இரண்டுக்கும் தனித்தனிப் பெயர்ச்சீட்டு. இரண்டையும் தனித்தனியாகப் பஞ்சில் சுற்றினேன். குசினி வாசலில் மாமி மணலை மீன் கழுவ உட்கார்ந்திருந்தார், எதிரே பூனை. திடீரென்று பூனையோடு கதைக்கத் தொடங்கினார்.

"ஏ பூனை, கேட்டியா? எட்டு மாசமா நானும் வாயைப் பொத்திக்கொண்டுதான் இரிக்கன். புருசன ஒரு பக்கம், பொண்சாதிய ஒரு பக்கம் பிரிச்சு வெச்சாப் பாவம் இல்லியா? இப்ப கொழும்புக்கும் வேற வேறயாக் கட்டி அனுப்பினா, அங்க இரிக்கிற ஆக்கள் சிரிக்கமாட்டாங்களா?"

மகள் அக்கரையில் அகப்பட்டதைத்தான் மனம் தாளாமல் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் மகளை யார் கொழும்புக்கு அனுப்பினார்கள்? நான் சணலை முடிச்சுப் போட்டேன். பூனையும் மீனைத் தவிர வேறு எதையும் கவனிக்கவில்லை. மாமி கத்தியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார். பிறகு அந்தக் கதவையும் மரியாதையையும் தாண்டி விறாந்தைக்கு வந்து, வாழ்க்கையில் முதல்தடவையாக என்னைப் பார்த்துக் கதைத்தார்.

"மருமகன், குறை நினையாதீங்க. நான் படிக்காத ஆள். ஆனா அது ரெண்டும் வேற வேற இல்ல. பெரிசுகள்ற வயித்துக்குக் கீழ குஞ்சு கிடக்கும், அமத்தினா வெள்ளை வெள்ளையா வரும். சின்னதில நான் ஒருநாளும் காணல்ல. பெரிசு கிடக்கிற மீனுக்குள்ளதான் சின்னதும் கிடக்கும். ஒரு செவுளுக்க அது, மத்தச் செவுளுக்க இது. அப்ப அது புருசன் இல்லாம, விருந்துக்கு வந்த ஆளா?"

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், அதை மறைக்க விரும்பவில்லை. நூற்றிருபது பக்கம், எட்டு மாதம், நாளைக் காலை வண்டி. "அப்படியில்ல மாமி" என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். அதுவும் நான் அவரிடம் நேரே பேசிய முதல் சொல். அவர் உள்ளே போய்க் கழுவாமல் இருந்த மூன்று மணலையைச் சட்டியோடு கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். முதல் மீனில் ஒன்றும் இல்லை. இரண்டாவதின் இடது செவுளைத் தூக்கினேன், பெரியது. பிறகு வலது செவுளைத் தூக்கினேன். நெல்மணி அளவில், கறுப்புக் கண்ணோடு, சின்னது. மூன்றாவதிலும் அப்படியே. எட்டு மாதமாக இந்த வீட்டில் கழுவியதில், பேன் இருந்த ஒவ்வொரு மணலையிலும் மாமி கண்டது அதுதான். எனக்கு வந்து சேர்ந்தது மட்டும் இரண்டு சிரட்டைகளில் பிரிந்து வந்தது, அதுவும் என் கட்டளைப்படி.

அப்போதுதான் இன்னொரு போத்தல் நினைவுக்கு வந்தது. பெரிதிலும் சேராமல் சின்னதிலும் சேராமல் நடுத்தர அளவில் ஏழெட்டுப் பேன்கள் கிடைத்திருந்தன. எங்கள் துறையில் எல்லாருக்கும் உள்ள கெட்ட பழக்கம் இது: வகுப்பில் அடங்காததைப் 'பழுதானது' என்று எழுதி மூலையில் வைத்துவிடுவோம். அந்தப் போத்தலைத் தேடி எடுத்து, ஒன்றை வெட்டி, விறாந்தையின் மேற்கு மூலையில் மிஞ்சியிருந்த வெயிலுக்கு நுணுக்குக்காட்டியைக் கொண்டுபோனேன். வயிற்றின் கீழே குஞ்சு சுமக்கும் பை முளைக்கத் தொடங்கியிருந்தது. ஆணுக்குரிய உறுப்பு இன்னும் மறையாமல் இருந்தது. இந்தப் பிராணி சின்ன ஆணாக வந்து, வளர்ந்து, பெண்ணாக மாறுகிறது. முதலில் மீனுக்குள் புகுந்தது பெண்ணாகிவிடும், பிறகு வருவது ஆணாக மறுபக்கச் செவுளில் காத்திருக்கும். எல்லாம் ஒரே இனம். என் புதிய இனம் அந்தக் கண்ணாடிக்குள் கரைந்துபோவதை நானே பார்த்தேன். வெட்கமாக இருந்தது. அதோடு, எதிர்பாராத விதமாக, ஒரு பெரிய ஆனந்தமும் இருந்தது. கட்டுக்கதை போன்ற ஓர் உண்மை, இத்தனை நாளும் எங்கள் மீன்சட்டிக்குள் கிடந்திருக்கிறது.

"நீங்க சொன்னது சரி மாமி" என்றேன். "ரெண்டும் ஒரு இனம்தான். நான் ரெண்டு இனம் எண்டு எழுதிப்போட்டன்."

மாமி கொஞ்சம் யோசித்தார். எங்கள் ஊரில் தாய்வழியாகக் குடி பார்ப்பார்கள், ஒரே குடிக்குள் கலியாணம் செய்யமாட்டார்கள். அந்தக் கணக்கைத்தான் அவர் மனதில் போட்டிருக்க வேண்டும். "ரெண்டு குடி எண்டு எழுதியிரிந்தாச் சரி" என்றார். "புருசன் பொண்சாதி எண்டா குடி வேறயாத்தானே இரிக்கும். அதுக்காக இனம் வேறயாகுமா?" பிறகு போத்தலையும் குப்பியையும் பார்த்துவிட்டு, "இனி எண்டாலும் அதுகள ஒண்டா வையுங்க, மருமகன்" என்று சொல்லி மீன்சட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் நண்பர் வந்தார். நான் பொதியைக் கொடுக்கவில்லை. பிழை என்று தெரிந்த பிறகு அதை அனுப்பக் கை வரவில்லை. "உனக்கென்ன மண்டை கழண்டு போச்சா? வேலை போகும்டா" என்று அவர் வாசலில் நின்று சண்டை பிடித்தார். அவர் சொன்னபடியே நடந்தது. மாதம் முடிய வேலையும் முடிந்தது. தோணித்துறை திறந்து வீட்டுக்கு வந்த மனைவியிடம், இதை ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். "அம்மா முதல் நாளே சொன்னாதான்" என்றாள் அவள். "பேனுக்குப் புருசன் பொண்சாதி எண்டு படிச்ச மனிசனிட்ட வந்து சொல்ல எனக்கென்ன விசரா? மறுகா நீங்க சிரிப்பீங்க எண்டு விட்டிட்டன்." அவள் சொன்னதிலும் பிழை இல்லை, நான் சிரித்திருப்பேன். தன் பெயர் பேனுக்கு இல்லாமல் போனதில் அவளுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது. அதற்குப் பரிகாரமாக அந்த ஆண்டு பிறந்த எங்கள் மகளுக்குப் பெயர் வைக்கும் முழு உரிமையையும் அவளிடமே விட்டேன்.

ஏறக்குறைய ஓர் ஆண்டு எனக்கு உத்தியோகம் இல்லை. வளவில் மாமர நிழலில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பித்தேன். ஆய்வேட்டை முதலிலிருந்து திரும்பவும் எழுதினேன். மாமனார் அரிசி அனுப்பினார், மாமி ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. வேலை போனதற்குத் தன் வாய்தான் காரணம் என்று அவர் உள்ளுக்குள் வருந்தியிருக்க வேண்டும். ஒருநாள், "நான் பேசாம இரிந்திருக்கலாம் போல" என்றார். "பேசாம இரிந்ததாலதான் மாமி எட்டு மாசம் போச்சு" என்றேன். அதன் பிறகு எங்களுக்குள் கதவும் பூனையும் தேவைப்படவில்லை. ஊர் எதையாவது சொல்லியிருக்கும். இந்த முறை மீனுக்கு நூலால் இலக்கச்சீட்டுக் கட்டி, ஒவ்வொரு மீனின் பேன்களையும் ஒரே சிரட்டையில், இடது செவுள் வலது செவுள் சொல்லி மாமி எடுத்துத் தந்தார். திருத்திய ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. புதிய இனம் எதுவும் இல்லாமலே பட்டமும் கிடைத்தது, அதே வேலைக்கு என்னைத் திரும்பவும் எடுத்தார்கள்.

கட்டிய பிரதி வீட்டுக்கு வந்த அன்று மாமி அதைக் கையில் வாங்கி, "அதுகள்ற படம் எங்க?" என்றார். நான் வரைந்த படத்தைக் காட்டினேன், பெரியதும் சின்னதும் பக்கத்தில் பக்கத்தில். நெடுநேரம் பார்த்துவிட்டு, "நல்லாக் கீறியிரிக்கீங்க" என்று திருப்பித் தந்தார். நன்றியுரைப் பக்கத்தை அவர் கேட்கவில்லை. அதில் மேற்பார்வையாளர் இருந்தார், துறைத்தலைவர் இருந்தார், தட்டச்சுச் செய்தவர்கூட இருந்தார். மாமி இல்லை. மாமியார் சொல்லித்தான் தெரிந்தது என்று எழுதக் கூச்சமாக இருந்தது, எழுதவில்லை. வேலை போனபோது வராத துக்கம் அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வருகிறது.

ஆய்வேட்டை இனித் திருத்த முடியாது. பெயர்ச்சீட்டைத் திருத்தலாம். வேலையில் திரும்பச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு புதிய சீட்டு எழுதி இந்தப் போத்தலுக்குள் போட்டேன். மதுசாரத்தில் மை கரையும் என்பதால் பென்சிலால் எழுதினேன். மீன்: மணலை. இடம்: தேற்றாத்தீவு. கடைசி வரி, இனங்கண்டவர். அந்த இடத்தில் துறைசார்ந்த நிபுணரின் பெயர்தான் வர வேண்டும். எங்கள் ஊரில் மருமகன் மாமியாரின் பெயரைச் சொல்வதில்லை, ஆகவே 'மாமி' என்று மட்டும் எழுதினேன். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டியபோது மாமி விழுந்து விழுந்து சிரித்தார். "மாமி எண்டு எழுதினா ஆருக்கு விளங்கும், மருமகன்?" என்றார். கேட்கிற ஆக்களுக்கு நான் சொல்லுவேன் என்றேன். மாமி நிறைந்த வயதில், பேத்தியின் கலியாணமும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இந்த ஆண்டும் போத்தலோடு வகுப்பைச் சுற்றி வந்தேன். இப்போது மின்சாரம் உண்டு, நல்ல நுணுக்குக்காட்டிகள் உண்டு, போத்தலுக்கும் பஞ்சமில்லை. வழக்கம்போல இரண்டு, இரண்டு என்றே பதில் வந்தது. கடைசி வாங்கிலிருந்த ஏறாவூர்ப் பிள்ளை ஒருத்தியின் கையில் போத்தலைக் கொடுத்தபோது நான் விரலை எடுத்துவிட்டேன். அவள் சீட்டை வாசித்துவிட்டு எழுந்து, "சேர், இனங்கண்டவர் மாமி எண்டு கிடக்கு. ஆர்ர மாமி?" என்றாள். வகுப்பு சிரித்தது. "என்ட மாமி" என்று சொல்லி, சிரட்டைகளில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்தபோது மணி அடித்து வெகுநேரம் ஆகியிருந்தது, ஆனாலும் யாரும் எழும்பவில்லை. அந்தப் பிள்ளை போத்தலைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். சுற்றி வந்ததில் உள்ளே பெரியது ஒரு பக்கமும் சின்னது ஒரு பக்கமுமாக விலகிக் கிடந்தன. போத்தலை மெல்லச் சாய்த்து, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து சேரும்வரை பிடித்திருந்து, மேசையில் வைத்தேன்.